ஃப்ரீமேசன் ஆகலாமா, ஐயா?

கேள்வி: தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.டெக். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 20. சொந்த ஊர் திருவையாறு வட்டம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் திருச்சியில் தொழில் செய்கிறார். ஒரு கருத்தரங்குக்கு வந்தபோது பழக்கமானார். அவர் கோட்டில் கவராயமும் மூலைமட்டமும் சேர்ந்த சின்ன பின் குத்தியிருந்தது. என்னவென்று கேட்டேன். தான் ஃப்ரீமேசன் லாட்ஜ் உறுப்பினர் என்றார். எனக்கும் சேர ஆசையாக இருக்கிறது என்றேன். "வீட்டில் கேட்டுக்கொண்டு வா, பேசலாம்" என்றார்.

வீட்டில் சொன்னதும் குழப்பம். லாட்ஜ் என்றதுமே அம்மா முகம் மாறிவிட்டது. "மதம் மாத்திடுவாங்கடா, நம்ம வீரனுக்கு அடுக்காது" என்கிறார் ஆத்தா. அப்பா எதுவும் சொல்லவில்லை, எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டார். ஹாஸ்டலில் இல்லுமினாட்டி என்று கேலி செய்கிறார்கள். என்னோடு படிக்கும் தோழி, "பெண்களைச் சேர்க்க மாட்டார்களாமே, அப்படிப்பட்ட இடம் உனக்கு எதற்கு?" என்கிறாள். அது ரகசியச் சங்கமா? சேரலாமா? அங்கே பெரிய பெரிய ஆட்கள் இருப்பதால் வேலைக்கு உதவுமா?

பெயர் வேண்டாம், திருவையாறு வட்டம்.

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. போகிறபோக்கில் கேட்பதுபோல் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, வேலைக்கு உதவுமா என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகளை எழுதினீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

லாட்ஜில் சேர வருகிறவரைக் கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துப் போவார்கள். உறுதிமொழிக்கு முன்பாகவே அவரிடம் சில கேள்விகள் கேட்பார்கள். நண்பர்களின் வற்புறுத்தல் இல்லாமல், பண ஆதாயமோ வேறு தகாத நோக்கமோ இல்லாமல், தானாக விரும்பித்தான் வந்திருக்கிறாரா என்பது அவற்றில் ஒன்று. மனமறிந்து ஆம் என்று சொல்ல வேண்டும். பிளேஸ்மென்ட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் அங்கே ஆம் என்றால், இனி ஆயுளுக்கும் சகோதரர்கள் என்று அழைக்கப் போகிறவர்களிடம் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை பொய்யாகிவிடும். அங்கே தொடர்புகள் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் மாதாமாதம் கூடி உண்டு பேசும் எந்த இடத்திலும் தொடர்பு வளரத்தான் செய்யும். ஆனால் அதற்காகவே வருகிறவர்களை வேண்டாம் என்று தன் சடங்கிலேயே எழுதி வைத்திருக்கும் சங்கம் இது.

உங்கள் வயதில் இதில் சேர்ந்த ஒருவரைச் சொல்கிறேன். கல்கத்தாவில் பி.ஏ. முடிக்கும் தறுவாயில் இருந்த நரேந்திரநாத தத்தர் என்ற இளைஞர் 1884 பிப்ரவரி 19 அன்று அங்குள்ள ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 21 நிறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு நாளில் அப்பா காலமானார். வழக்கறிஞர் வீடு, வெளியே பார்க்க வசதி, உள்ளே கடன். ஏப்ரலில் லாட்ஜின் இரண்டாம் படி, மே மாதம் மூன்றாம் படி என்று ஏறிய அதே காலத்தில்தான் அவர் கையில் விண்ணப்பத்தோடும் காலில் செருப்பில்லாமலும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மேசன் ஆகியும் அந்த அலைச்சல் அவரை விடவில்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1897 பிப்ரவரியில், அவர் நம்மூர்ப் பக்கம் ரயிலில் வந்தார். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. கும்பகோணத்தில் தங்கி வேதாந்தம் பற்றிப் பேசினார். அப்போது அவர் பெயர் விவேகானந்தர். லாட்ஜ் கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளே பேய் வளர்க்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் உதவும்.

சரி, அது என்னதான் சங்கம்? ஐரோப்பாவின் தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்களின் தொழிற்குழுக்களிலிருந்து வந்ததாக அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. தொழில் போய்விட்டது, கருவிகள் குறியீடுகளாக நின்றுவிட்டன: மூலைமட்டம் நேர்மைக்கு, கவராயம் ஆசைக்கு எல்லை போட, ரசமட்டம் எல்லோரும் சமம் என்பதற்கு. உறுப்பினர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் வெள்ளை ஏப்ரன்கூடத் தச்சர் கட்டியதுதான். 1010இல் பெரிய கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் ஊரிலிருந்து நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். லண்டனில் 1717இல் முதல் தலைமை லாட்ஜ் அமைந்தது. கும்பினிக்காரர்கள் 1730 வாக்கில் அதைக் கல்கத்தாவுக்கும் 1752இல் சென்னைக்கும் கொண்டுவந்தார்கள். இந்தியர்களில் முதலில் சேர்ந்தவர் என்று சொல்லப்படுபவர் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா. சேர்ந்த ஊர் திருச்சி, 1775 வாக்கில். ஆக, உங்கள் கல்லூரிப் பழைய மாணவர் உங்களை அழைத்துப்போக நினைக்கும் ஊருக்கு இந்த விஷயத்தில் இருநூற்றைம்பது ஆண்டு வயது.

ஆனால் நவாபின் மகனுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. இந்துக்களுக்குப் பல கடவுள், அவர்கள் ஒரே பரம்பொருளின் பேரில் எப்படி உறுதிமொழி எடுப்பார்கள் என்று வெள்ளைக்காரச் ‘சகோதரர்கள்’ வாதாடினார்கள். பிரசன்னகுமார் தத்தர் என்ற கல்கத்தா வணிகர் பல ஆண்டு போராடி 1872இல்தான் உள்ளே போனார். அதே ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜ்தான். அவர் தட்டித் திறந்த கதவு வழியாகத்தான் பன்னிரண்டு ஆண்டு கழித்து நரேந்திரர் நுழைந்தார். உலக சகோதரத்துவம் பேசிய சங்கம் தன் வாசலில் அதைக் கடைப்பிடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பதை, அவர்களுடைய வழவழப்பான கையேட்டைப் படிக்கும்போது நினைவில் வையுங்கள். 1961 நவம்பர் 24 அன்று இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜ் ஏற்பட்டது. தென்மண்டலத் தலைமையகம் சென்னை எழும்பூரில் இருக்கிறது.

உங்கள் ஆத்தாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அங்கே யாரும் மதம் மாற்றுவதில்லை. கடவுள் ஒருவர் உண்டு என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பெயரில் கும்பிடுகிறீர்கள் என்பது உங்கள் பாடு. லாட்ஜின் நடுவே வேதநூல் வைத்திருப்பார்கள். இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், பார்சிகளின் அவெஸ்தா எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பது வழக்கம். அவரவர் நூலின்மேல் கைவைத்து அவரவர் உறுதிமொழி எடுக்கலாம். கூட்டத்துக்குள் மதமும் அரசியலும் விவாதிக்கக் கூடாது என்பது பழைய விதி. (டெல்டாக்காரர்கள் நாலு பேர் கூடி அரசியல் பேசாமல் எப்படி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ரகசியமாகப் படுகிறது.) வீரனுக்கு ஆடிப் படையல் போடுவதை எந்த லாட்ஜும் தடுக்காது. ஒருவேளை உங்கள் நண்பர்களில் கத்தோலிக்கர் யாராவது கூட வர நினைத்தால், அவருக்கு நிலைமை வேறு. வத்திக்கான் 1738 முதலே இதைத் தடுத்து வந்திருக்கிறது, 1983இலும் 2023இலும் மறுபடி உறுதிசெய்தது. அவர் தன் பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு முடிவெடுக்கட்டும்.

இல்லுமினாட்டி பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் 1776இல் தொடங்கிய சங்கம் அது. பத்து ஆண்டு முடிவதற்குள் அரசாங்கத் தடையில் அடங்கிப்போனது. அதன் பெயரைச் சொல்லி இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்தி வேறு ரகம்: சேர்ந்தால் கோடி ரூபாய், கார், பதிவுக் கட்டணம் மட்டும் முன்கூட்டி அனுப்பவும். அது வெறும் மோசடி. ஃப்ரீமேசன்கள் யாரையும் தேடிப் போய் அழைப்பதில்லை, கேட்டு வருகிறவரைத்தான் சேர்ப்பார்கள் என்பது மரபு. நீங்களாகக் கேட்டதும் அவர் உடனே விண்ணப்பத்தை நீட்டாமல் வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சொன்னதும் நல்ல அறிகுறிகள். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

ரகசியச் சங்கமா என்று கேட்டீர்கள். இதற்குக் காவிரிக் கரையிலிருந்தே பதில் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு மே 14 அன்று தஞ்சாவூரில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. வழக்கறிஞர் உமாமகேசுவரனார் தலைவர். அவர் தம்பி இராதாகிருட்டிணனும் நண்பர்களும் தூண்கள். யார் வந்தாலும் கதவு திறந்திருக்கும். பதினான்கு ஆண்டுக்குப்பின் ‘தமிழ்ப்பொழில்’ இதழைத் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. சங்கம் தொடங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். விசாரித்தபோது பாரத மாதா சங்கம் என்ற ரகசிய அமைப்பு வெளியே வந்தது. அதை உருவாக்கியவர் சீர்காழிப் பக்கத்து எருக்கூரில் பிறந்த நீலகண்ட பிரம்மச்சாரி. காளி படத்தின் முன் குங்குமநீர் குடித்து, இரத்தத்தில் பெருவிரல் பதித்துச் சத்தியம் செய்தார்கள் என்று வழக்கில் சாட்சி சொன்னார்கள். அப்போது நீலகண்டருக்கு வயது 21. ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பின்னாளில் சாதுவாகி நந்திமலையில் வாழ்ந்தார்.

இரண்டு சங்கங்களைத் தொடங்கியவர்களும் ஒரே டெல்டாவின் பிள்ளைகள். நீலகண்டரின் நோக்கத்தை இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு எடைபோட நான் யார்? அன்னிய ஆட்சிக் காலத்தில் ரகசியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான் இதைச் சொல்வது உங்களுக்கு ஓர் அளவுகோல் தருவதற்காக. யார் உறுப்பினர், எங்கே கூடுகிறார்கள், நோக்கம் என்ன என்பதே மறைந்திருந்தால் அது ரகசியச் சங்கம். ஃப்ரீமேசன்களுக்குக் கட்டடமும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. இணையத்தில் முகவரி போட்டிருக்கிறார்கள். பள்ளியும் மருத்துவமுகாமும் நடத்திப் படம் வெளியிடுகிறார்கள். அவர்கள் மறைப்பது ஒருவரையொருவர் அடையாளம் காணும் கைகுலுக்கலையும் சில சொற்களையும்தான். சடங்கு முழுவதும் பலமுறை அச்சாகி வந்துவிட்டது. முந்தைய உறுதிமொழியில், மீறினால் கழுத்து அறுபடும் என்ற மாதிரி பயங்கர வாசகங்கள் இருந்தன. அவற்றை இங்கிலாந்துத் தலைமை லாட்ஜ் 1986இல் உறுதிமொழியிலிருந்து நீக்கிவிட்டது. வடக்கே லாட்ஜ் கட்டடத்தை ‘ஜாதூ கர்’, மந்திர வீடு என்று மக்கள் அழைத்தார்கள். வாசலில் உருவிய வாளோடு ஒருவர் நின்றால் பின்னே வேறு என்ன நினைப்பார்கள்? வாளோடு நிற்கும் அந்த ஆளுக்கு டைலர் என்று பெயர். பெரும்பாலும் வயதான, சாதுவான மூத்த உறுப்பினராக இருப்பார்.

உறுதிமொழிக்கு முன், இது உன் குடிமைக் கடமைக்கோ ஒழுக்கத்துக்கோ மதத்துக்கோ முரணாகாது என்று தலைவர் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கை மீறுகிற எதையாவது, எந்த அமைப்பாவது, உங்களிடம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சகோதரத்துவம், பாரம்பரியம், சீனியர் மரியாதை என்ற பெயர்களில் மாணவர்களுக்குள் நடப்பவை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் 1996 நவம்பரில் பார்த்தோம். மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவமானப்படுத்தும் ‘சோதனை’ வைத்துச் சேர்த்துக்கொள்ளும் மாணவர் குழு எதுவானாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிரேக்க எழுத்துச் சங்கங்களானாலும் சரி, ஹாஸ்டல் மாடியில் கூடும் ஊர்க்காரக் கூட்டமானாலும் சரி, அங்கே உங்களுக்கு வேலை இல்லை. லாட்ஜ் சடங்கில் கண்கட்டு உண்டு, கயிறு உண்டு. அடி, உதை, அவமானம் கிடையாது.

இனி உங்கள் அப்பா கேட்ட கேள்வி. வீட்டில் கேட்ட எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, கறுப்பு கோட்டு, ஏப்ரன், கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குத் தனிப் பணம், தர்மக் காரியங்களுக்கு அவ்வப்போது கேட்பது, அத்தோடு மாதம் ஒருமுறை திருச்சிக்குப் போய்வரும் செலவு. லாட்ஜுக்கு லாட்ஜ் தொகை மாறும், அதனால் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா என்று பார்த்துக் குறுவைக்கு நாற்று விடுகிற வீடு உங்களுடையது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து மூட்டை எடுத்து, பணம் கணக்கில் ஏறுகிறவரை அந்த வீட்டில் எந்தச் செலவும் நிச்சயமில்லை. அந்தப் பணத்திலிருந்து மகனின் லாட்ஜ் சந்தா போகக் கூடாது. குடும்பத்தைப் பட்டினி போட்டுச் சந்தா கட்டாதே என்பது அவர்களுடைய உபதேசத்திலும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது 1875இல் அங்குள்ள அப்போலோ பல்கலைக்கழக லாட்ஜில் சேர்ந்தார் ஆஸ்கார் வைல்டு. ஆடம்பர உடுப்பில் அவருக்கு அப்படி ஒரு மோகம். கடைசியில் சந்தா கட்டத் தவறி உறுப்பினர் நிலை காலாவதியானது. நாடகத்தில் கொடிகட்டிப் பறந்தவர் கதையே அப்படி.

அந்த அப்போலோ லாட்ஜ் 1819இல் தொடங்கியது. இங்கிலாந்தில் 2005 முதல் பல்கலைக்கழகத் திட்டம் என்றே ஒன்று வைத்து 18 வயது மாணவர்களைச் சேர்க்கிறார்கள். அங்கே கல்லூரிக்குப் பக்கத்திலேயே மாணவர்களுக்கான லாட்ஜ் இருக்கும், கூட அமர்பவர்களும் மாணவர்களாக இருப்பார்கள். நம் நாட்டில் பொதுவாக 21 நிறைந்திருக்க வேண்டும். கூட இருப்பவர்கள் உங்கள் அப்பா, மாமா வயதுக்காரர்கள். ஆக, உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அதில் வருத்தம் வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி பராந்தகன் காலத்தில் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதவே 35 வயது ஆகியிருக்க வேண்டும், கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும். லாட்ஜிலும் ஒருவகைக் குடவோலை உண்டு. இரண்டு பேர் முன்மொழிந்து வழிமொழிவார்கள், ஒரு குழு உங்களைச் சந்தித்து விசாரிக்கும், பிறகு பெட்டியில் வெள்ளை உருண்டை, கறுப்பு உருண்டை போட்டு ரகசிய வாக்கெடுப்பு. சில கறுப்பு உருண்டைகள் விழுந்தாலே விண்ணப்பம் தள்ளுபடி, காரணமும் சொல்ல மாட்டார்கள். அதையும் தாங்கிக்கொள்ளும் மனம் வேண்டும்.

உங்கள் தோழியின் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னது சரி. இந்தியத் தலைமை லாட்ஜ் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆணும் பெண்ணும் சமமாக அமரும் கோ-மேசன்ரி என்ற தனி அமைப்பு 1893இல் பாரிஸில் பிறந்தது. 1902இல் அதில் சேர்ந்த அன்னி பெசன்ட் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பழைய அமைப்பு அதை அங்கீகரிக்கவில்லை. பெண்களை விலக்குவது ஏதோ சீமை வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் திருவையாற்றிலேயே தியாகராஜ ஆராதனை ‘பெரிய கட்சி’, ‘சின்னக் கட்சி’ என்று பிரிந்து நடந்த காலத்தில், இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் பெண்கள் சமாதியில் பாடக் கூடாது என்பதுதான். பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு அந்தச் சமாதிக்குக் கோயில் கட்டியவர். அவருக்கே பாட இடமில்லை என்றதும் பெண்களைக் கூட்டித் தனியாக ஒரு கட்சி கண்டார். 1940 வாக்கில் எல்லாம் ஒன்றாயின. இன்று பஞ்சரத்தினத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிறார்கள், கர்நாடக இசை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. லாட்ஜுக்கு ஒரு நாகரத்தினம்மாள் இன்னும் வரவில்லை. பெண்களை விலக்கும் சங்கத்தில் இருக்க உங்கள் மனம் ஒப்புகிறதா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒரு காரணத்துக்காக நான் சேரவில்லை. சேர்ந்த நல்லவர்கள் பலரை எனக்குத் தெரியும். கூட்டத்துக்குள் மனைவியை அழைத்துப்போக முடியாததில் அவர்களுக்கும் கூச்சம் உண்டு.

படித்து முடித்து, வேலைக்குப் போய், முதல் சில சம்பளங்களில் வீட்டுக் கடனுக்கு ஏதாவது கட்டிவிட்டு, அப்போதும் ஆசை மிச்சமிருந்தால் அந்தப் பழைய மாணவரைப் பாருங்கள். அவருடைய லாட்ஜின் ஆண்டு விழாவுக்கோ மருத்துவமுகாமுக்கோ விருந்தாளியாக முன்பே ஒருமுறை போய்வாருங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப்போங்கள். யாரோடு உட்காரப் போகிறோம் என்பதை அப்பாக்கள் முகம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அவரிடம் மூன்று விஷயம் வெளிப்படையாகக் கேளுங்கள்: ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், சென்ற ஆண்டு தர்மத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், விலக நினைத்தால் எப்படி விலகுவது. விலகுவது எளிது, பாக்கி இல்லாமல் கடிதம் கொடுத்தால் போதும், ஆனால் அதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

வேலைக்கு வழி கேட்டீர்களே, அதற்குத் துறைத்தலைவரையும் பிளேஸ்மென்ட் அலுவலகத்தையும் பாருங்கள். அந்தப் பழைய மாணவரிடமே, லாட்ஜை இழுக்காமல், "சார், என் ரெஸ்யூமைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். கல்லூரிச் சீனியர் என்ற உறவே அதற்குப் போதும்.